ஷெல்லி-ஆன் ஃப்ரேசர்-ப்ரைஸ் ஓடியதிலேயே ஆகச்சிறந்த 100 மீட்டர் எது?

தடம்8 (இழையைத் தொடங்கியவர்)

2025 டோக்கியோ உலகத் தடகளப் போட்டியோடு ஜமைக்காவின் ஷெல்லி-ஆன் ஓய்வு பெற்றுவிட்டார். 100 மீட்டர் இறுதியில் 11.03, ஆறாம் இடம். ரிலேயில் முதல் கால் (நால்வரில் முதல் ஆளின் பங்கு) ஓடி வெள்ளி. கணக்கை மூடி வைத்துப் பேச இதுதான் சரியான நேரம்.

மொத்தம் பார்த்தால் ஒலிம்பிக்கில் 8 பதக்கம் (3 தங்கம், 4 வெள்ளி, 1 வெண்கலம்). உலகப் போட்டியில் 17 (10 தங்கம், 6 வெள்ளி, 1 வெண்கலம்). 100 மீட்டரில் மட்டும் ஐந்து உலகப் பட்டம்: 2009, 2013, 2015, 2019, 2022. ஒரே தனிநபர் ஓட்டத்தில் ஐந்து உலகப் பட்டம் வேறு எந்தக் குறுந்தூர வீராங்கனைக்கும் இல்லை.

என் கேள்வி வேறு. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 21 வயதில் 10.78. 2021 லொசானில் 34 வயதில் 10.60. எல்லாரும் "அவருக்கு ஸ்டார்ட் பிரமாதம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த ஸ்டார்ட் 21 வயதிலேயே அவரிடம் இருந்தது. அப்படியானால் அந்த 0.18 வினாடி எங்கிருந்து வந்தது? எந்த ஓட்டத்தை அவருடைய உச்சம் என்று சொல்வீர்கள்? கடிகாரப்படி 10.60. அதோடு நிறுத்தாமல் காரணத்தோடு எழுதுங்கள்.

---

காற்றுமானி

தடம்8, 10.60 என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அன்று லொசானில் பின்காற்று 1.7 மீ/வி. சாதனையாக ஏற்க வரம்பு 2.0. அதற்குள்தான் இருக்கிறது, முறையான நேரம்தான். ஆனால் ஒரு ஓட்டத்தை இன்னொன்றோடு ஒப்பிடும்போது காற்றைக் கழிக்காமல் பேசினால் பயன் இல்லை.

கை கணக்கு இது: 100 மீட்டரில் 1 மீ/வி பின்காற்று சுமார் 0.05 முதல் 0.06 வினாடி தரும். எதிர்காற்று அதே அளவு வீசினால் எடுப்பது சற்றுக் கூடுதல், ஏனென்றால் காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். நான் 0.055 வைத்துக் கணக்கிட்டேன். எதிர்காற்றுக்கு 0.06.

பெய்ஜிங் 2008: 10.78, காற்று 0.0. அப்படியே 10.78.
பெர்லின் 2009: 10.73, +0.1. கழித்தால் 10.74.
கிங்ஸ்டன் தேசியத் தேர்வு (ஜமைக்கா அணிக்கான தேர்வு ஓட்டம்) 2012: 10.70, +0.6. 10.73.
லண்டன் 2012: 10.75, +1.5. 10.83.
மாஸ்கோ 2013: 10.71, −0.3. 10.69.
தோஹா 2019: 10.71, +0.1. 10.72.
கிங்ஸ்டன் ஜூன் 2021: 10.63, +1.3. 10.70.
லொசான் ஆகஸ்ட் 2021: 10.60, +1.7. 10.69.

மாஸ்கோவையும் லொசானையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காற்றில்லா நேரம் இரண்டுக்கும் ஒன்றே. 26 வயதில் ஓடியதை 34 வயதில் திரும்ப ஓடியிருக்கிறார். ஆக, 0.18 எங்கிருந்து வந்தது என்பதில் பாதிக்குப் பதில் "காற்றிலிருந்து" என்பதுதான்.

லண்டனைக் கவனியுங்கள். ஒலிம்பிக் தங்கம், ஆனால் இந்தப் பட்டியலிலேயே மெதுவான ஓட்டம். இரண்டாவது வந்த அமெரிக்காவின் கார்மெலிட்டா ஜெட்டர் 10.78இல் மூச்சுவிடும் தூரத்தில் இருந்தார். தங்கம் வாங்கிய ஓட்டம்தான் சிறந்த ஓட்டம் என்று நினைப்பவர்களுக்கு இந்த ஒரு வரி போதும்.

---

செம்மண்தடம்

காற்றுமானி அண்ணே, கணக்கு சரி. ஆனால் ஒன்றைச் சேர்த்துச் சொல்லுங்கள். காற்றுமானியே எவ்வளவு நம்பகம்?

---

காற்றுமானி

நியாயமான கேள்வி. கருவி ஒன்றுதான். முதல் பாதையின் ஓரமாக, முடிவுக் கோட்டிலிருந்து 50 மீட்டரில், 1.22 மீட்டர் உயரத்தில் வைப்பார்கள். துப்பாக்கி வெடித்ததிலிருந்து 10 வினாடி அளந்து சராசரி எடுத்து, அடுத்த பத்தில் ஒரு பங்குக்கு ஏற்றி எழுதுவார்கள். ஆகவே எட்டாம் பாதையில் ஓடுபவருக்கு அடித்த காற்று வேறாக இருக்கலாம். கூரை மூடிய பெரிய அரங்கங்களில் காற்று சுழலும். தொடக்கத்தில் எதிரே அடித்து முடிவில் பின்னால் தள்ளும், சராசரி பூஜ்யம் காட்டும். அதனால் நான் போட்ட எண்களை 0.02 முன்னே பின்னே வைத்துத்தான் படிக்க வேண்டும். 0.05க்கு மேல் வித்தியாசம் இருந்தால் அதை நம்பலாம்.

---

கோடுநாலு

முடிவை அவசரமாக எழுதிவிட்டீர்கள். பட்டியல் 2021இல் நின்றுவிட்டது. 2022 எங்கே?

அந்த ஒரு ஆண்டில் ஏழு முறை 10.70க்குக் கீழே ஓடியிருக்கிறார். நைரோபி 10.67, பாரிஸ் 10.67, யூஜின் உலகப் போட்டி இறுதி 10.67, ஹோர்சூவ் 10.66, ஹங்கேரியின் செக்கெஷ்ஃபெஹெர்வார் 10.67, மொனாக்கோ 10.62, சூரிச் 10.65. ஒரே பருவத்தில் இத்தனை முறை எந்தப் பெண்ணும் ஓடியதில்லை. ஆகஸ்ட் 6, 8, 10 என்று மூன்று நாட்டில் மூன்று ஓட்டம்: 10.66, 10.67, 10.62. நடுவில் விமானப் பயணம் வேறு.

மொனாக்கோவில் காற்று +0.4. கழித்தால் 10.64. லொசானை விட 0.05 வேகம்.

சூரிச் டைமண்ட் லீக் (பருவம் முழுக்க நடக்கும் போட்டித் தொடர்) இறுதி, 2022 செப்டம்பர் 8. எதிர்காற்று 0.8. ஓடிய நேரம் 10.65. உங்கள் கணக்கையே போடுங்கள்: 0.8ஐ 0.06ஆல் பெருக்கினால் 0.048. காற்றில்லா நேரம் 10.60. இரண்டாவது வந்த ஷெரிக்கா ஜாக்சன் 10.81. அந்த ஆண்டு 200 மீட்டரை 21.45இல் ஓடி உலகப் பட்டம் வென்றவர் அவர். அவரையே 0.16 வினாடி பின்னால் விட்டிருக்கிறார். கடைசி மீட்டர்களின் வேகத்துக்கு அது ஒன்றரை மீட்டருக்கு மேல்.

என் விடை சூரிச். அப்போது அவருக்கு 35 வயது 8 மாதம்.

---

காற்றுமானி

ஒத்துக்கொள்கிறேன். சூரிச்சை விட்டது என் தவறு. 10.60க்கும் 10.69க்கும் நடுவில் 0.09, அது அளவுப் பிழைக்குள் அடங்காது. நைரோபியை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். கடல் மட்டத்திலிருந்து 1,600 மீட்டருக்கு மேலே காற்று மெலிந்திருக்கும், நூறில் சில பங்கு வினாடி அதிலேயே கிடைத்துவிடும். சூரிச் 400 மீட்டர் சுமார்தான், கழிக்க ஒன்றும் இல்லை.

---

செம்மண்தடம்

காற்றைக் கழித்தீர்கள், உயரத்தைக் கழித்தீர்கள். காலில் போட்டதைக் கழிக்கவில்லையே. 2020க்குப் பிறகு வந்த ஸ்பைக்ஸ் (ஆணி வைத்த ஓட்டக் காலணி) பழைய ஸ்பைக்ஸ் இல்லை. உள்ளே விறைப்பான தகடு, அதன் மேல் எடை குறைந்து எழும்பும் நுரை. குறுந்தூரத்துக்கு அடித்தடிமன் வரம்பு 20 மி.மீ. அந்த வரம்புக்குள்ளேயே நிறைய வேலை செய்திருக்கிறார்கள். 2021இல் பெண்கள் 100 மீட்டரில் ஒட்டுமொத்தமாகவே நேரங்கள் சரிந்தன. ஜமைக்காவின் எலைன் தாம்ப்சன்-ஹீரா டோக்கியோ ஒலிம்பிக்கில் 10.61, யூஜினில் 10.54. மாஸ்கோ 2013ஐ சூரிச் 2022ஓடு வைப்பது சம ஒப்பீடு இல்லை.

---

கோடுநாலு

மறுக்கவில்லை. ஸ்பைக்ஸ் எவ்வளவு தருகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஒரே எண்ணைச் சொல்ல முடியாது. இருந்தாலும் இரண்டு விதமாகப் போட்டுப் பார்ப்போம். 0.05 தந்தது என்று வையுங்கள்: சூரிச் 10.65 ஆகும், மாஸ்கோவின் 10.69ஐ இன்னும் முந்துகிறது. 0.10 என்று தாராளமாக வையுங்கள்: 10.70, மாஸ்கோவோடு சமம். 35 வயதில், குழந்தை பெற்ற ஐந்து ஆண்டுக்குப் பிறகு, 26 வயது உச்சத்துக்குச் சமம் என்பதே வேறு யாரும் காட்டாத விஷயம்.

இப்போது தடம்8 கேட்ட உண்மையான கேள்விக்கு வருகிறேன். எங்கே கூடியது?

உயரம் 1.52 மீட்டர். 100 மீட்டருக்கு ஏறத்தாழ 50 காலடி வைக்கிறார். உசைன் போல்ட் 41. 10.60இல் எதிர்வினை நேரத்துக்கு 0.15 கழித்தால் 10.45 வினாடியில் 50 அடி, அதாவது வினாடிக்கு 4.8 அடி. இந்த அடித்துடிப்புக்கு மேலே போவது மனித உடம்புக்குக் கடினம். அதனால் வேகம் கூட வேண்டுமானால் அடியின் நீளம் கூட வேண்டும். சராசரி அடி 2 மீட்டர். அது 2 செ.மீ. கூடினால் 1 விழுக்காடு. 1 விழுக்காடு என்றால் 0.10 வினாடி. அவருடைய வாழ்க்கை முழுவதும் அந்த 2 செ.மீட்டருக்காகத்தான் உழைத்திருக்கிறார் என்று சொன்னால் மிகையில்லை.

அடியை நீட்டுகிறேன் என்று காலை முன்னால் எட்டி வைத்தால் கெட்டது. பாதம் இடுப்புக்கு முன்னால் விழும், ஒவ்வொரு அடியும் பிரேக் போடும், தொடைப் பின்தசையும் இழுத்துக்கொள்ளும். நீளம் வர வேண்டியது தரையை அடிக்கும் விசையிலிருந்து. உச்ச வேகத்தில் பாதம் தரையில் இருப்பது 0.09, 0.10 வினாடிதான். அந்த நேரத்துக்குள் உடல் எடையைப் போலப் பல மடங்கு விசை இறங்க வேண்டும். கால் குட்டை என்றால் தரையில் இருக்கும்போது இடுப்பு கடக்கும் தூரமும் குறைவு. அதை ஈடுகட்ட விசை அதிகம் வேண்டும். உயரமான வீராங்கனைக்கு இந்தத் தொல்லை இல்லை.

பெர்லின் 2009 இறுதியைத் திரும்பப் பாருங்கள். 60 மீட்டர் வரை ஷெல்லி-ஆன் தெளிவாக முன்னால். கடைசி 20 மீட்டரில் அதே ஜமைக்காவின் கெரன் ஸ்டூவர்ட் ஒவ்வொரு அடியிலும் இடைவெளியைத் தின்றுகொண்டு வருகிறார். முடிவில் 10.73க்கு 10.75. தூரத்தில் சொன்னால் ஒரு சாண். இன்னும் 5 மீட்டர் இருந்திருந்தால் முடிவு மாறியிருக்கலாம். பதின்மூன்று ஆண்டு கழித்து யூஜினில் அதே நிலைமை: பின்னால் துரத்தியவர் ஜாக்சன், ஸ்டூவர்ட்டை விட முடிப்பதில் பல மடங்கு வலிமையானவர். இடைவெளி 0.06இல் நின்றது. 10.67, 10.73, மூன்றாவதாக எலைன் 10.81. முழு மேடையும் ஜமைக்கா.

கூடியது அங்கேதான், கடைசி 40 மீட்டரில். ஸ்டார்ட்டில் இல்லை.

---

தடம்8

அந்தக் கடைசி 40ஐ எப்படிக் கட்டினார் என்று சொல்ல முடியுமா? 200 மீட்டர் ஓடியது காரணமா?

---

கோடுநாலு

பெரும்பங்கு அதுதான். 2012 லண்டனில் 200இல் 22.09, வெள்ளி, அலிசன் ஃபீலிக்ஸ் 21.88. அடுத்த ஆண்டு மாஸ்கோவில் 200 தங்கமே, 22.17. 100, 200, ரிலே மூன்றும் அந்த ஆண்டு. 2021 தேசியத் தேர்வில் 21.79, அதுதான் அவருடைய சிறந்த நேரம். 2022 யூஜினில் 21.81, வெள்ளி. கவனித்தால் 200 நன்றாக ஓடிய ஆண்டுகளில்தான் 100இன் முடிவும் உறுதியாக இருக்கிறது. 200க்கான பயிற்சி என்றால் 120, 150 மீட்டரை முழு வேகத்துக்கு அருகில், நீண்ட ஓய்வு கொடுத்து, சில முறை மட்டும் ஓடுவது. தளர்ந்த பிறகும் முழங்கால் ஏறுவதும், தோள் இறுகாமல் இருப்பதும் அதில்தான் பழகும். ஓய்வைக் குறைத்து எண்ணிக்கையைக் கூட்டினால் அது மூச்சுப் பயிற்சியாக மாறிவிடும், வேகம் வராது. இளம் ஓட்டக்காரர்களைக் கெடுப்பது பெரும்பாலும் இந்த இடம்தான்.

இன்னொன்று, யாரும் 100 மீட்டர் முடிவில் வேகம் கூட்டுவதில்லை. பெண்கள் 50, 60 மீட்டர் அருகே உச்சத்தைத் தொட்டு, கொஞ்ச தூரம் பிடித்து, பிறகு இறங்குகிறார்கள். "கடைசியில் பாய்ந்தார்" என்பது நம் கண்ணுக்குத் தெரிவது. உண்மையில் மற்றவர்களை விடக் குறைவாக இறங்கினார்.

---

செம்மண்தடம்

ஸ்டார்ட்டை இப்படி ஓரம் கட்டிவிட்டீர்களே. 60 மீட்டர் உள்ளரங்க உலகப் பட்டம், 2014 சோபோட், 6.98. பயிற்சியெல்லாம் 100க்கும் 200க்கும் இருக்க, உள்ளரங்குக்கு வந்து 7 வினாடிக்குக் கீழே ஓடுவது ஸ்டார்ட் இல்லாமல் நடக்குமா?

பிளாக் (தொடக்கத்தில் பாதத்தை ஊன்றித் தள்ளும் கட்டை) விஷயத்தில் அவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. குட்டையானவர்கள் பொதுவாகச் செய்யும் தவறு, உயரமானவர் வைத்த அளவில் பிளாக்கை வைப்பது. அளவைத் தன் பாதத்தால் எடுக்க வேண்டும்: கோட்டிலிருந்து முன் பிளாக்குக்கு இரண்டு பாதம், பின் பிளாக்குக்கு மேலும் ஒரு பாதம். அது தொடக்கப் புள்ளி. பிறகு ஒவ்வொரு விரற்கடையாக நகர்த்தலாம். "செட்" சொன்னதும் முன்முழங்கால் 90 டிகிரி அருகே, பின்முழங்கால் 120, 130. இடுப்பு தோளை விடச் சற்று மேலே. இடுப்பு தாழ்ந்திருந்தால் முதல் தள்ளல் மேல்நோக்கிப் போகும், நாலாவது அடியிலேயே நிமிர்ந்துவிடுவார்கள். இடுப்பு மிக உயர்ந்தால் கையில் எடை ஏறி முதல் அடியில் தடுமாறுவார்கள். பின்கால் பிளாக்கை அழுத்தாமல் வெறுமனே தொட்டுக்கொண்டிருப்பது இன்னொரு தவறு. துப்பாக்கி வெடித்ததும் முதலில் தள்ள வேண்டியது அந்தக் கால்.

ஷெல்லி-ஆனின் முதல் அடிகளை மெதுவாக ஓட்டிப் பார்த்தால் பாதம் தரையை ஒட்டியே முன்னால் வருவது தெரியும். குதிகால் புட்டத்தை நோக்கி ஏறாது. முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பும் முதுகும் ஒரே சாய்வில் இருக்கும். முதல் 10 மீட்டருக்கு 7, 8 அடி, ஒவ்வொன்றும் முந்தையதை விட ஒரு பிடி நீளம். தலை தானாக நிமிரும் வரை அவர் அதைத் தூக்குவதே இல்லை.

---

கோடுநாலு

ஸ்டார்ட்டை நான் குறைத்துச் சொல்லவில்லை. அது 2008இலிருந்து மாறாத முதலீடு. கூடியது எது என்பதுதான் கேள்வி.

---

யாழ்வேகம்

எல்லாரும் உச்சத்தைப் பற்றியே கதைக்கிறீங்கள். தொடக்கத்தையும் ஒருக்காப் பாக்க வேணும். 2007இல் அவரின்ட சிறந்த நேரம் 11.31. ஒசாகா உலகப் போட்டியில் அஞ்சலோட்டத் (ரிலே) தகுதிச் சுற்று மட்டும் ஓடி, அணி வெள்ளி எடுத்ததால இவருக்கும் வெள்ளி கிடைச்சது. அடுத்த வருசம் ஜமைக்காத் தேர்வில் ஸ்டூவர்ட் 10.80, ஷெல்லி-ஆன் 10.85, ஷெரோன் சிம்ப்சன் 10.87, வெரோனிக்கா கேம்பல்-பிரவுன் 10.88. முதல் மூன்று பேருக்குத்தான் இடம். நடப்பு உலக வீராங்கனையான வெரோனிக்கா நாலாவது! 21 வயதுப் பெட்டையை விலக்கி அவருக்கு இடம் குடுக்கச் சொல்லி நாட்டுக்குள்ள பெரிய குரல் எழுந்தது. தேர்வு முடிவு முடிவுதான் எண்டு நிண்டபடியால்தான் பெய்ஜிங் நடந்தது. 10.78 தங்கம், சிம்ப்சனும் ஸ்டூவர்ட்டும் 10.98இல் சமம், இரண்டு வெள்ளி, வெண்கலமே இல்லை.

பெண்கள் 100 மீட்டரில் ஒலிம்பிக் தங்கம் எடுத்த முதல் கரீபியப் பெண் அவர்தான். ஜமைக்காவின் மெர்லின் ஓட்டி அதுக்கு எவ்வளவு கிட்டப் போனார் எண்டதையும் மறக்கேலாது: அட்லாண்டா 1996இல் அமெரிக்காவின் கேல் டீவர்ஸுக்கும் அவருக்கும் ஒரே நேரம், 10.94, படத்தை வச்சுத்தான் தீர்த்தவை. மூன்று வருசம் முந்தி ஸ்டுட்கார்ட்டிலும் அதே இரண்டு பேர், அதே கதை, 10.82.

எங்கட பக்கம் ஒரு தொடுப்பும் இருக்கு. சிட்னி 2000இல் அமெரிக்காவின் மேரியன் ஜோன்ஸ் எடுத்த பதக்கங்களை ஊக்கமருந்துக்காகப் பறிச்சபோது 200 மீட்டரில் பகாமாஸின் பாலின் டேவிஸ்-தாம்ப்சனுக்குத் தங்கமும், எங்கட இலங்கையின் சுசந்திகா ஜயசிங்கவுக்கு வெள்ளியும், ஜமைக்காவின் பெவர்லி மெக்டொனால்டுக்கு வெண்கலமும் வந்தது. 100 மீட்டரில் தங்கத்தை ஒருத்தருக்கும் குடுக்கேல்லை. குடுத்திருந்தாலும் இரண்டாவதா வந்த கிரேக்கத்தின் தானு முன்னுக்கு நிண்டவர், ஜமைக்காவின் டெய்னா லாரன்ஸ் இல்லை. அதனால ஷெல்லி-ஆனின்ட "முதல்" அப்படியே நிக்குது.

---

தடம்8

அருமை, யாழ்வேகம் அண்ணா. 2010 தடையைப் பற்றியும் யாராவது நேராக எழுதுங்கள். அரைகுறையாகப் பரவுகிறது.

---

யாழ்வேகம்

நேராச் சொன்னால்: 2010 மே, ஷாங்காய் போட்டிப் பரிசோதனையில் ஆக்ஸிகோடோன். கடும் வலிக்குக் குடுக்கிற மருந்து. பல்வலிக்கு எடுத்தது எண்டு சொன்னவர். அது வேகம் கூட்டுற மருந்து இல்லை, ஆனால் போட்டிக் காலத்தில் தடைப் பட்டியலில் உள்ளது. முன்கூட்டி அறிவிக்கவும் இல்லை. ஆறு மாதத் தடை. விதிப்படி தன்ர உடம்புக்குள்ள போறதுக்கு ஓட்டக்காரர்தான் பொறுப்பு, அதை அவரும் ஏற்றுக்கொண்டார். அடுத்த வருசம் டேகு உலகப் போட்டியில் 10.99, நாலாம் இடம்.

---

செம்மண்தடம்

டேகு, ரியோ இரண்டும் அவர் தங்கம் இழந்த இடம். ரியோ 2016இல் கால் பெருவிரலில் காயம். கேட்பவர்களுக்கு விரல்தானே என்று தோன்றும். 100 மீட்டரில் பிளாக்கை விட்டதும் தரையைக் கடைசியாக விடுவது பெருவிரல் மூட்டுதான். அது மடங்கி நிமிரும்போதுதான் தள்ளல் முழுதாகும். அது வலித்தால் உடம்பு தானாகப் பாதத்தின் வெளிவிளிம்புக்கு எடையை மாற்றும், ஒவ்வொரு அடியிலும் கொஞ்சம் போகும். அந்த நிலையில் 10.86, வெண்கலம். எலைன் 10.71, டோரி போவி 10.83.

பிறகு 2017 ஆகஸ்டில் மகன் சயான் பிறந்தான், லண்டன் உலகப் போட்டி நடந்துகொண்டிருந்த அதே வாரம். 2018இல் திரும்பி வந்து 11 வினாடிக்குக் கீழே போனார். 2019இல் தோஹா, 10.71, டினா ஆஷர்-ஸ்மித்தை 0.12 பின்னால் விட்டு. குறுந்தூர ஓட்டத்தில் வயிற்றுத் தசையும் இடுப்படித் தசையும்தான் காலின் விசையைத் தோளுக்குக் கடத்தும் பாலம். பேறுகாலத்தில் முதலில் தளர்வதும் அவைதான். அது திரும்பக் கட்டப்படாமல் முழு வேகம் ஓடினால் இடுப்பு முன்பக்கம் சரியும், தொடைப் பின்தசை தாங்க வேண்டியதைத் தாண்டித் தாங்கும், கிழியும். இரண்டு பருவம் பொறுத்து வந்தது அதனால்தான் பலித்தது என்று நினைக்கிறேன். தோஹாவை என் இரண்டாவது இடத்தில் வைப்பேன்.

---

காற்றுமானி

பயிற்சியாளர் மாற்றத்தை யாரும் தொடவில்லை. பல்கலைக்கழகக் காலத்திலிருந்து பயிற்சியாளர் ஸ்டீபன் ஃபிரான்சிஸ், அவருடைய எம்விபி ஓட்டக் கழகம், கிங்ஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழக மைதானத்தில், பெரும்பாலும் புல்தரையில். 2020 முடிவில் அங்கிருந்து வெளியே வந்து ரெய்னால்டோ வால்காட்டிடம் போனார். 34 வயதை நெருங்கும்போது பயிற்சியாளரை மாற்றுவது பெரும்பாலும் ஒரு வாழ்க்கையின் கடைசி அத்தியாயம். அவருக்கு 10.63, 10.60, பிறகு 2022 முழுவதும்.

---

கோடுநாலு

புல்தரை முக்கியம். செயற்கைத் தடத்தில் வாரம் முழுக்க ஓடினால் கெண்டைக்கால் தசைநாரும் முழங்காலும் அடி வாங்கும். புல் பாதி அடியை உள்வாங்கும், அதே நேரம் தரை திருப்பித் தராததால் தசை கூடுதலாக வேலை செய்யும். 17 ஆண்டு மேல்மட்டத்தில் நிற்க அந்த அடித்தளம் உதவியிருக்கும். ஆனால் புல்லில் குழி, ஈரம் இருந்தால் கணுக்கால் போய்விடும். வெறும் காலில் ஓடச் சொல்பவர்கள் அதையும் சொல்ல வேண்டும்.

---

தடம்8

ரிலேயைப் பற்றி ஒரு சந்தேகம். டோக்கியோ ஒலிம்பிக்கில் (2021இல் நடந்தது) ஷெல்லி-ஆன், எலைன், ஜாக்சன் மூவரும் ஒரே அணியில். 100 மீட்டரின் மூன்று பதக்கமும் அவர்களிடம். 41.02 தேசியச் சாதனை, தங்கம். ஆனால் உலகச் சாதனை 40.82 தப்பியது. ஏன்?

---

யாழ்வேகம்

கூட்டிப் பாருங்கோ. பிரியானா வில்லியம்ஸ் அந்த வருசம் 10.97, எலைன் டோக்கியோவில் 10.61, ஷெல்லி-ஆன் 10.63, ஜாக்சன் 10.76. கூட்டுத்தொகை 42.97. ஓடினது 41.02. கைமாற்றத்தில் சம்பாதிச்சது 1.95 வினாடி. மற்ற மூன்று பேரும் ஓடிக்கொண்டே தடியை வாங்குறதால இந்த லாபம் எல்லா அணிக்கும் வரும். நல்லாப் பழகின அணிகள் 2.5உம் அதுக்கு மேலயும் எடுத்திருக்கினம். அரை வினாடி தடிக்குள்ள கிடந்தது.

காரணம் வேகமில்லை, குறி. வாங்குறவர் தன்ர பாதத்தால அளந்து பின்னுக்கு ஒரு நாடா ஒட்டுவார், 25 பாதம் அளவில. வாறவர் அந்த நாடாவைத் தாண்டின கணம் திரும்பிப் பாராமல் முழு வேகத்தில வெளிக்கிட வேணும். கைமாற்றும் எல்லை இப்ப 30 மீட்டர். அதில கடைசி 10 மீட்டருக்குள்ள மாத்தினால்தான் வாங்குறவர் வேகம் பிடிச்சிருப்பார். பயந்து ஒரு பாதம் குறைச்சு ஒட்டினால் தடி கட்டாயம் கைக்கு வரும், ஆனால் வாங்குறவர் இன்னும் மெதுவா ஓடிக்கொண்டிருப்பார். வாறவர் பிரேக் போட வேண்டி வரும். ஜமைக்கா அண்டைக்குப் பாதுகாப்பா மாத்தினது.

பாதுகாப்புக்கும் காரணம் இருக்கு. பெய்ஜிங் 2008 இறுதியில ஷெல்லி-ஆன் முதல் கால் ஓடிக் குடுத்தாச்சு. இரண்டாவது மாற்றத்தில சிம்ப்சனுக்கும் ஸ்டூவர்ட்டுக்கும் இடையில தடி சேரேல்லை, ஓட்டமே முடிஞ்சுது. அண்டைக்கு வென்ற ரஷ்யாவின்ட தங்கமும் பிறகு ஊக்கமருந்தால பறிபோய் பெல்ஜியத்துக்குப் போனது. தடியைச் சேர்த்திருந்தால் ஜமைக்காவுக்கு எண்டு நினைக்கிற ஆக்கள் இண்டைக்கும் இருக்கினம்.

---

தடம்8

அவரை மூன்றாவது கால் ஓட விட்டது சரிதானா? அவருடைய ஸ்டார்ட்டுக்கு முதல் கால்தானே?

---

யாழ்வேகம்

வளைவு ஓடத் தெரிஞ்ச ஆளை மூன்றாவதில போடுறது நல்ல முடிவு. உயரம் குறைஞ்சவருக்கு உடம்பின்ட பாரம் கீழ இருக்கும், வளைவில் சாய்ஞ்சு ஓடுறது லேசு. மூன்றாவது ஆள் வலக்கையில வாங்கி வலக்கையாலயே குடுக்கிறதால உள்கோட்டை ஒட்டி ஓடலாம், தூரம் வீணாகாது. அதோட மூன்றாவது ஆள் வாங்கவும் வேணும், குடுக்கவும் வேணும்; இரண்டு மாற்றத்திலயும் பதறாத ஆள் வேணும். எலைனின்ட நீளமான அடிக்கு இரண்டாவது காலின்ட நேர்ப்பாதை. பிரியானா முதல் கால், ஏனெண்டால் அவரும் நல்ல ஸ்டார்ட்டர். ஒழுங்கு சரி. 2022 யூஜினில் அமெரிக்கா 41.14, ஜமைக்கா 41.18, அங்க 0.04 வினாடியில தங்கம் போனது. ஒரு நாடா ஒரு பாதம் தள்ளி ஒட்டியிருந்தால் போதும்.

---

காற்றுமானி

பட்டியலைத் திருத்தி எழுதிவிட்டேன், மேலே உள்ளதோடு சேர்த்துப் படியுங்கள்.

டோக்கியோ 2021: 10.74, −0.6. காற்றில்லாமல் 10.70. எலைனிடம் தோற்ற ஓட்டம், ஆனால் லண்டன் தங்கத்தை விட 0.13 வேகம்.
யூஜின் 2022: 10.67, +0.8. 10.71.
மொனாக்கோ 2022: 10.62, +0.4. 10.64.
சூரிச் 2022: 10.65, −0.8. 10.60.
புடாபெஸ்ட் 2023: 10.77, −0.2. 10.76, வெண்கலம்.

பாரிஸ் 2024 சேர்க்கவில்லை. முதல் சுற்றில் 10.92 ஓடி, அரையிறுதிக்கு வரவில்லை.

---

செம்மண்தடம்

சூரிச் முதலில், மொனாக்கோ இரண்டில், மாஸ்கோவும் லொசானும் மூன்றில். ஸ்பைக்ஸுக்கு நான் கேட்டதைக் கழித்தால் மாஸ்கோ மேலே ஏறும், சூரிச்சோடு தோள் உரசும். தோஹாவை இரண்டாவது என்று எழுதியது நேரத்தை வைத்து இல்லை. அதை அப்படியே விடுகிறேன்.

---

தடம்8

கேட்டதற்கு மேலேயே கிடைத்தது. முதல் பதிவில் கடிகாரப்படி 10.60 என்று தொடங்கினேன், காற்றுமானி அண்ணனின் முழுப் பட்டியல் அதைத் திருத்திவிட்டது. சூரிச் ஓட்டத்தின் பக்கவாட்டுக் காட்சி யாரிடமாவது இருந்தால் 60 மீட்டர் முதல் 100 வரை அடிகளை எண்ணிப் போடுங்கள். பெர்லினையும் அதே தூரத்துக்கு எண்ணினால் கோடுநாலு சொன்ன 2 செ.மீ. அங்கே தெரிகிறதா என்று பார்த்துவிடலாம்.

---

கோடுநாலு

எண்ணும்போது 60 மீட்டர் கோட்டை ரிலே அடையாளங்களை வைத்துக் குறிக்காதீர்கள். நேர்ப்பாதையில் 100 மீட்டர் தடை ஓட்டத்தின் குறிகள் இருக்கும். முதல் தடை 13 மீட்டரில், பிறகு 8.5 மீட்டருக்கு ஒன்று. ஆறாவது குறி 55.5 மீட்டர், பத்தாவது 89.5. அந்த 34 மீட்டருக்குள் எண்ணுங்கள், பாதி அடியையும் பின்னமாக எழுதுங்கள். 34 மீட்டருக்கு ஏறத்தாழ 15, 16 அடி வரும். 2 செ.மீ. வித்தியாசம் மொத்தத்தில் 30 செ.மீட்டர் சுமார், அதாவது ஏழில் ஒரு அடி. முழு அடியாக மட்டும் எண்ணினால் அது கண்ணுக்கே படாது.